சின்னம்மாவின் சிவப்புத் தாள்

போன மாதம் எனக்கு ஒரு படிவம் வந்தது. சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவர்களைப் பற்றி ஒரு மலர் போடப்போகிறார்களாம். பெயர், பிறந்த இடம், வரைந்த புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்த நான் ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டேன். ‘உங்களைப் பாதித்த ஓவியர் யார்? ஏன்?’ அதற்குக் கீழே மூன்று கோடுகள். ‘ஏன்’ என்பதற்கு மூன்று கோடு போதும் என்று நினைக்கிற வயதில் இருக்கும் யாரோ ஒரு பிள்ளை அதைத் தயாரித்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் ஒரே வரியில் எழுதியிருப்பேன். இப்போது எனக்கே தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. வெறுமையாக விட்டு அனுப்பிவிட்டேன். என் வயதுக்காரர்களான உங்களிடம் முழுவதையும் சொல்கிறேன். நீங்களாவது எனக்கு விளங்கப்படுத்துங்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. கலர்ப் பென்சிலை விரலால் பிடிக்க முடியாமல் போகும்வரை சீவுவோம். அழிறப்பருக்கு வழியில்லாமல் பழைய செருப்பின் அடியை வெட்டித் தேய்த்துக் கொப்பியில் ஓட்டை போடுவோம். அதில் நான் கெட்டிக்காரி. கொப்பியின் அடுத்த பக்கம் தெரியும்வரை தேய்ப்பேன்.

கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். நான் சொல்வது கடல் கறுத்து, அலை தண்டவாளம் வரைக்கும் வருகிற மாதங்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் இருந்து சின்னம்மா வந்து எங்களோடு இருந்தார். அம்மாவின் தங்கை, இருபத்தாறு வயது. ஊரில் சாதகம் எதுவும் பொருந்தவில்லை, கொழும்பில் உத்தியோகத்து மாப்பிள்ளைகள் கிடைப்பார்கள் என்று அனுப்பிவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கிடைக்கும்வரை ஒரு பெண் வீட்டில் என்ன செய்வது? சின்னம்மா கண்ணில் படுகிற எல்லாவற்றையும் வரைந்தார். அம்மாவின் கொண்டை, கேற்றில் இருக்கும் காகம், அப்பா பேப்பர் படிக்கிற விதம், எல்லாம் கடைச்சிட்டையின் பின்பக்கத்தில் இருக்கும்.

அப்பாதான் வேலை பிடித்துக் கொடுத்தார். கந்தோரில் கூட வேலை செய்த ஒருவருக்குக் கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவைத் தெரியும். அந்த நானா பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் போட இருந்தார். “சும்மா இருக்கிற நேரத்தில கீறட்டுமே. புத்தகத்துக்குப் படம் கீறுற பிள்ளை எண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவும் நல்லாயிருக்கும்” என்றார் அப்பா. இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாப் பழியும் சின்னம்மாவின் தலையில்தான் விழுந்தது.

முதல்முறை அச்சகத்துக்குப் போனபோது சின்னம்மா துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிற சனத்தால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. யாரோ ஒரு அம்மாளின் பையில் இருந்த மெழுகுதிரிக் கட்டு கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் என் கன்னத்தில் குத்திக்கொண்டே வந்தது. அச்சகத்தில் மண்ணெண்ணெய் மணம். மெஷின் அடிக்கிற அடி என் பாதத்தில் ஏறியது. நானா எனக்குத் தின்ன ஒரு பனிஸ் தந்துவிட்டு, மேசையில் இருந்த டிரேசிங் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம்.

“இது என்ன நிறம் மகள்?”

“கறுப்பு.”

“இல்ல. இது மஞ்சள். சூரியன்.”

நான் விழித்தேன். அவர் இன்னொரு தாளை எடுத்தார். அதிலும் கறுப்புத்தான்.

“இது நீலம். கெமராவுக்குக் கறுப்பு மட்டுந்தான் வெளங்கும். மெஷின்ல ஏறின பொறகுதான் இது நீலமாகிற.”

அந்தக் காலத்தில் வேலை அப்படித்தான். கோடுகளை ஒரு வெள்ளை மட்டையில் வரைவார்கள். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்றாக மூன்று டிரேசிங் தாள்களை அதன் மேல் வைத்து, அந்த நிறம் வரவேண்டிய இடத்தை மட்டும் கறுப்பு மையால் நிரப்புவார்கள். எந்தத் தாள் எந்த நிறம் என்று ஓரத்தில் எழுதிவைப்பார்கள். நாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதற்காக ஒவ்வொரு மூலையிலும் சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள். தனியாக ஒரு தாளைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பிழையாக விளங்கவும் கூடும். அன்று எனக்கு விளங்கியதெல்லாம், பெரியவர்கள் கறுப்பைச் சிவப்பு என்று சொன்னால் நம்ப வேண்டும் என்பது மட்டும்தான்.

அந்த அச்சகத்தில் படங்களை அச்சடிக்கும் பிளேட் செய்கிறவர் ஒருவர் இருந்தார். பிளேட் அண்ணா என்று கூப்பிடுவேன். முகத்துவாரத்துக்காரர், வேதக்காரர், ஒல்லி, சட்டைக் கையில் எப்போதும் மை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சைக்கிளில் வெள்ளவத்தைக்கு வந்து, முடிந்த படங்களை வாங்கிக்கொண்டு போவார். அம்மா அவருக்கு முன் வராந்தாவில் பிளேன்டீ கொடுப்பார். சின்னம்மா யன்னலுக்கு உள்ளே இருந்து தாள்களை ஒவ்வொன்றாக நீட்டி விளக்கம் சொல்வார். அவர் தேத்தண்ணீர் குடித்து முடிக்க அரைமணித்தியாலம் எடுக்கும். சூடு அதிகம் போல என்று நினைத்தேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கதை, தபால்காரரின் கடிதத்தை ஆடு ஒன்று கவ்விக்கொண்டு போவது. ஆட்டுக்கு ஆள் வேண்டுமே? என்னைத்தான் பிடித்தார் சின்னம்மா. சிவப்புச் சீமெந்துத் தரையில் நாலு காலில் நின்றேன். வாயில் மடித்த பேப்பர், கழுத்தில் அம்மாவின் பழைய சேலைக் கரை. ரயில் இரண்டு தரம் போனது. முழங்கால் நொந்தது. “கொஞ்சம் திமிர் வேணுமடி, ஆடு எண்டால் திமிர் வேணும்” என்று சொல்லிச் சொல்லிச் சின்னம்மா சிரித்தார். அப்படி அவர் சிரித்ததை நான் பிறகு பார்க்கவில்லை.

படம் இதுதான். தபால்காரர் முழங்காலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டுகிறார். எதிரே ஆட்டுக்காரப் பெண், நெஞ்சோடு கை பொத்தி, பின்னுக்குச் சாய்ந்து சிரிக்கிறாள். அவள் கையில் கயிறு, கயிற்றின் முனையில், இருவருக்கும் நடுவே, வாயில் கடிதத்தோடு ஆடு. தபால்காரருக்குப் பிளேட் அண்ணாவின் முகம். வீட்டுக்கு வந்துபோகிற வேற்று ஆண் அவர் ஒருவர்தானே, வேறு யாரைப் பார்த்து வரைவது? பெண்ணுக்குச் சின்னம்மாவின் முகம். அதற்குக் கண்ணாடி இருந்தது. ஆட்டுக்கு மட்டும் கோடு இல்லை. கோடில்லாமல் முழுச் சிவப்பாக நிற்கட்டும் என்று ஆட்டையும் கயிற்றையும் சிவப்புத் தாளில் மட்டும் வரைந்திருந்தார். அதில் அவருக்குப் பெரிய பெருமை.

இனி என் திருவிளையாடலுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு இலங்கைப் படம் வரைந்து, ஆறுகள் குறித்துக்கொண்டு போக வேண்டும். டிரேசிங் தாளில்தான் வேண்டும் என்று டீச்சர் அடித்துச் சொல்லிவிட்டார். வெள்ளவத்தை முழுக்கக் கேட்டும் ஒரு கடையிலும் இல்லை. வியாழன் பின்னேரம் சின்னம்மா குளிக்கப் போயிருந்தார். புத்தகத்தைப்போல இரண்டு மடங்கு பெரிய தாள்களில் அவர் வரைவார். சிவப்புத் தாளில் ஆடு கீழேதான் நின்றது. மேலே முழுவதும் வெறுமை. இன்னொரு ஆடு வரைய அவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? கத்தரிக்கோலை எடுத்து மேல்பாதியை வெட்டினேன். ஆடு இருந்த பாதியை என் மெத்தைக்குக் கீழே வைத்தேன்.

படம் நன்றாக வந்தது. பருத்தித்துறைக்கு மேலே, கடலில், சின்னம்மா போட்ட சிலுவைகளில் ஒன்று மட்டும் அழியாமல் நின்றது. “இது என்ன?” என்று டீச்சர் கேட்டார். “வெளிச்சவீடு டீச்சர்” என்றேன். சரி போட்டுவிட்டார்.

அன்று பின்னேரம் சின்னம்மா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அவர் கவனமாக மடித்துத் திருப்பித் தந்தார்.

“ஆறெல்லாம் வடிவா வந்திருக்கு” என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் வந்தார்கள். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, சாதகமும் நல்ல பொருத்தமாம். அம்மா உழுந்து வடை சுட்டிருந்தார். அப்பா புது வேட்டியில் இருந்தார். பேச்சு ஒருகட்டத்தில் வற்றியபோது அப்பாவுக்குப் பழைய யோசனை வந்துவிட்டது. “பிள்ளை புத்தகத்துக்குப் படம் கீறுது” என்று சொல்லிக்கொண்டே, மேசையில் அடுக்கியிருந்ததில் மேலே கிடந்த மட்டையை எடுத்துப் பார்க்காமலே மாப்பிள்ளையின் தாயிடம் நீட்டினார்.

வெறும் கோட்டுப் படம். ஆடு இல்லை, கயிறு இல்லை. ஒரு ஆண் ஒரு பெண்ணுக்கு முன்னால் முழங்காலில் நின்று இரண்டு கையையும் ஏந்துகிறான். அவள் நெஞ்சில் கை பொத்திச் சிரிக்கிறாள்.

“உதில நிக்கிறது எங்கட பிள்ளை போலக் கிடக்கு” என்று அந்தத் தாய் முதலில் சிரித்தபடிதான் சொன்னார். பிறகு, “உந்தப் பெடியன் ஆர்?” என்றார்.

அந்த நேரம் பார்த்து கேற்றில் சைக்கிள் மணி அடித்தது. பிளேட் அண்ணா படிகளில் ஏறி வந்து நின்றார். மாப்பிள்ளையின் தாய் மட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். தமக்கையும் அதே ஒழுங்கில் பார்த்தார். அப்பா மட்டையை வாங்கிப் பார்த்தார்.

“இதென்ன படம்?”

சின்னம்மா பேசவில்லை.

“உன்னைத்தான் பிள்ளை கேக்கிறன். இதென்ன படம்?”

சின்னம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. பிளேட் அண்ணாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டையைச் செருமினார்.

“சேர், அதுல நடுவுல ஒரு ஆடு இருக்கு. செவப்புத் தாள்ல. வேற ஒண்ணும் இல்ல சேர், ஆடுதான்.”

“எங்கை ஆடு?”

அவர் மேசைக்கு ஓடிப்போய்த் தாள்களைப் புரட்டினார். மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது. “இருந்திச்சு சேர். பென்சில் படத்துல நான் பாத்தேன். சத்தியமா ஆடு இருந்திச்சு.” அவர் குரல் உடைந்தது. சின்னம்மா எழும்பி உள்ளே போய்விட்டார்.

திரைச்சீலைக்குப் பின்னால் நான் நின்றேன். எல்லோரும் தேடுகிற ஆடு என் மெத்தைக்குக் கீழே இருந்தது. எடுத்து வந்து கொடுக்க எட்டு எட்டு வைத்தால் போதும். அப்பாவின் பிரம்பு சுவரில் தொங்கியது. நான் போகவில்லை. இன்றைக்கும் அந்த எட்டு எட்டையும் எண்ணிப் பார்ப்பேன்.

“அப்ப நாங்கள் வாறம். யோசிச்சுச் சொல்லுறம்” என்று மாப்பிள்ளையின் தாய் எழுந்தார். வடை அப்படியே இருந்தது. பிளேட் அண்ணா மட்டையையும் தாள்களையும் கட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா இனி அச்சகம் என்ற சொல்லே இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்றார். அம்மா அழுதார். சின்னம்மா அழவில்லை. இரண்டு கிழமையில் அம்மா அவரைக் காலை ரயிலில் யாழ்ப்பாணம் கூட்டிப்போனார். மூன்றாம் மாதம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அவரைவிடப் பதினாலு வயது மூத்தவர்.

போகிற அன்று தன் மைப்புட்டியையும் மூன்று முள்ளுப் பேனைகளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் நான் ஆட்டை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடிப்போய்க் கடலில் போட்டேன். கடல் இரண்டு தரம் திருப்பிக் கொண்டுவந்தது.

சில மாதம் கழித்துப் புத்தகம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நடுவில் ஒரு ஆடு நின்றது! சின்னம்மாவின் ஆடு இல்லை. காது தொங்கி, வால் நீண்டு, வகுப்பே ‘நாய் கடிதம் தின்னுது’ என்று சிரித்தது. வளர்ந்து, என் முதல் படங்களைக் கொண்டு அதே அச்சகத்துக்குப் போனபோது நானாவிடம் கேட்டேன். “அது அந்தப் பொடியன் வரஞ்ச. ஆடு இல்லாம அந்தப் பக்கத்த அடிக்க ஏலா எண்டு ஒத்தக் கால்ல நின்டான்” என்றார். பிளேட் அண்ணா அதற்குள் வெளிநாடு போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் இவ்வளவு காலமும் நம்பி வந்தது இதுதான். சிலுவையைக் கண்டு சின்னம்மாவுக்கு என் களவு தெரிந்துவிட்டது. ‘ஆட்டை அவள்தான் எடுத்தாள்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தன் மானமும் வேலையும் தப்பியிருக்கும். ஆனால் என்னைப் பிரம்படியில் இருந்து காப்பாற்ற வாயைத் திறக்கவில்லை. பேனைகளையும் எனக்கே தந்துவிட்டுப் போனார். அவர் விட்ட இடத்தில் இருந்து நான் வரைய வேண்டும். அப்படித்தான் வரைந்தேன். நாற்பது வருடத்துக்கு மேலாக. கதையில் ஆடு இருக்கிறதோ இல்லையோ, என் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு மூலையில் ஒரு சிவப்பு ஆடு நிற்கும். பதிப்பாளர்கள் முறைப்பார்கள். நான் விடமாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சின்னம்மா கனடாவில் இருந்து வந்து என்னோடு பத்து நாள் தங்கினார். வாத்தியார் செத்துப் பல வருடம். ஒருநாள் காலை, என் வெள்ளவத்தை பிளாட்டின் பல்கனியில் இருந்து, பூதக்கண்ணாடி வைத்து என் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“வடிவாத்தான் கீறியிருக்கிறாய். ஆனா ஏனடி எல்லாத்திலயும் உந்த ஆடு?”

எல்லாவற்றையும் கொட்டினேன். வெட்டியது, மெத்தை, கடல், எல்லாம். சொல்லி முடித்ததும் தேம்பித் தேம்பி அழுதேன், அறுபது கடந்த கிழவி.

“தெரியும்தானே. அடுத்த நாளே கண்டிட்டன்” என்றார் சின்னம்மா.

“தெரிஞ்சும் என்னைக் காப்பாத்தத்தானே பேசாமல் இருந்தனீங்கள்?”

“உன்னையோ?” அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “உன்ர நினைப்பே எனக்கு அண்டைக்கு வரேல்லையடி, பிள்ளை.”

நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

“ஆடு காணாமல் போனது நல்லதாப் போச்செண்டு நினைச்சன். அந்த மட்டையை மேலால வைச்சதும் நான்தான். மாப்பிள்ளை வீட்டார் வருகினம், படம் வாங்க அவரும் வருவார், உன்ர அப்பா எப்பிடியும் கேப்பார். அதுக்கு அவர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம் எண்டுதான் இருந்தனான். ஆம்பிளை ஒருத்தன் அந்தப் படத்தைப் பாத்திட்டு என்ன சொல்ல வேணும்? அவர் ஆடு எண்டார்.”

“அப்ப அந்தப் பேனையள்?”

“ரயிலில மை கொட்டுமெண்டு விட்டிட்டுப் போனனான்.”

கீழே காலி வீதியில் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். யார்மேல் என்று தெரியவில்லை. என் வாழ்க்கைக்குக் காரணம் என்று நான் நம்பியிருந்த அந்த மௌனத்தில் எனக்கு இடமே இருக்கவில்லை. நாலு காலில் நின்றது நான்தானே என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. சொன்னால் என்னைச் சின்னப்பிள்ளை என்பார்.

“புத்தகத்தை நானும் கண்டனான்” என்றார் அவர். “இவர், வாத்தியார், பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவர். வீட்டை கொண்டுவந்து மேசையில வைச்சார். திறந்து பாத்தால் அதிலயும் அந்தப் பிளேட்காரர் ஒரு ஆட்டைக் கீறி வைச்சிருந்தார். அண்டைக்குத்தான் எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு. அந்த மனிசனுக்கு அந்தப் படத்தில ஆடு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு.”

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். “சின்னம்மா, அவருக்குக் கீறவே தெரியாது. ஆடு இல்லாமல் அச்சடிக்க மாட்டன் எண்டு நானாவோட சண்டை பிடிச்சவராம். உங்களை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாதெண்டு அவர் ஆடு எண்டு சொல்லியிருக்கலாமே. நான் உங்களைப் பிழையா விளங்கின மாதிரி நீங்களும் அவரைப் பிழையா விளங்கியிருக்கலாமே.”

ஒரு ரயில் வந்து போனது. பிறகு சின்னம்மா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் கண்டதே இல்லை.

“இதை ஏனடி நீ எனக்கு அண்டைக்கே சொல்லேல்லை?”

“அண்டைக்கு எனக்கு ஒன்பது வயது, சின்னம்மா.”

“ஓம்” என்றார் அவர். “ஓம், என்ன.” பூதக்கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.